ஏழாவது மனு

"மாட்டேன் மாமா. வேற யார்கிட்டயாவது எழுதிக்குங்க."

குந்தவை பேனாவை மூடிவிட்டாள். பக்கிரி வெள்ளைத்தாளை நீட்டியபடியே நின்றார்.

"நாலு வரிதானே புள்ள? 'என் குளத்து மீனை நீர்நாய் தின்னு தீர்க்குது, நடவடிக்கை எடுக்கணும்.' எட்டாவது படிக்கிறப்பலேருந்து வருஷா வருஷம் நீதானே எழுதித் தர்றே?"

"அப்ப எனக்கு விவரம் பத்தாது. அதுங்களுக்காக நாங்க நாலு நாளா ஆத்துப் படுகையில உட்கார்ந்திருக்கோம். நீங்க அதுங்க மேலயே புகார் குடுக்கிறீங்க. உங்களுக்கே நல்லாயிருக்கா?"

பக்கிரி தாளை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி நடையைக் கட்டினார்.

"எரியிற வீட்டுல புடுங்குனது லாபம்னு பார்க்கிறாரு" என்றான் லியோ. குந்தவையோடு தஞ்சாவூர் கல்லூரியில் படிப்பவன். "ஊர்ல மீன் வளர்க்கிறவங்க எல்லாரும் குளத்து மேல நைலான் வலை கட்டியிருக்காங்க. இவரு வலை மட்டும் போட மாட்டாரு, மனு போடுவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். குந்தவைக்குச் சிரிப்பு வரவில்லை.

குடமுருட்டிக் கரையில், மூங்கில் புதருக்கு அடியில் இருக்கிறது அந்த நீர்நாய்க் குடும்பத்தின் வளை. அதே இடத்தில்தான் பூங்கா வரப்போகிறதாம். நடைபாதை, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, நடுவில் செயற்கை நீரூற்று. ஆற்றங்கரையில் நீரூற்று! பொக்லைன் வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக் காலையில் கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார். "இங்கே அப்படி ஒரு பிராணியே இல்லை" என்று அவர் எழுதிவிட்டால், மத்தியானத்துக்குள் மூங்கிலும் இருக்காது, வளையும் இருக்காது.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். லியோ ஓடிப்போய் செல்போனில் வீடியோவைக் காட்டினான். குட்டிகள் தண்ணீரில் புரண்டு விளையாடின.

"தம்பி, இது எந்த ஊரு ஆறோ? இப்பல்லாம் போன்லயே யானையைப் பறக்க விடுறாங்க."

"கால்தடம் இருக்கு சார், வந்து பாருங்க" என்றாள் குந்தவை.

"தெருநாய் கால்தடமா இருக்கும்மா. எங்க ரெக்கார்டுல இந்த இடத்துல நீர்நாயே கிடையாது."

பொக்லைன் சத்தத்துக்குப் பயந்து நீர்நாய்களும் தலைகாட்டவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார். குந்தவைக்கு நாலு நாள் வெயிலில் காய்ந்ததெல்லாம் ஆற்றோடு போய்விட்டதே என்றிருந்தது.

"அப்ப நான் குடுத்த மனுவெல்லாம் என்னங்க சார் ஆச்சு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் பக்கிரி. கையில் அதே மஞ்சப்பை.

"வந்துட்டாருடா, கெடுக்கிறதுக்குன்னே" என்று பல்லைக் கடித்தான் லியோ.

பக்கிரி பைக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். "ஆறு வருஷம், ஆறு மனு. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய், மனு நாள்ல வரிசையில நின்னு குடுத்தது. இந்தாங்க ரசீது. உங்க ஆபீஸ் சீலுதானே?"

அதிகாரி வாங்கிப் பார்த்தார். எல்லா மனுவும் குந்தவையின் கையெழுத்து. 'பெரியது இரண்டு, குட்டிகள் மூன்று' என்று எட்டாம் வகுப்பின் குண்டு குண்டு எழுத்திலிருந்து ஆரம்பித்தது.

"உங்க ஆபீஸ்லேருந்தே பதிலும் வந்திருக்கு. 'நீர்நாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு, பிடிக்கவோ விரட்டவோ இயலாது'ன்னு. போன வருஷம் வரைக்கும் இருந்த நீர்நாய், பூங்கான்னதும் எங்க சார் போச்சு?"

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வீடியோவை மறுக்கலாம். சொந்த சீலை எப்படி மறுப்பது? பேனாவை மூடிவிட்டு, பொக்லைனைத் திரும்பிப் போகச் சொன்னார். பூங்காவுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி எழுதுவதாகவும் சொன்னார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மூங்கிலில் இருந்த கொக்குகளெல்லாம் பறந்துவிட்டன.

சாயங்காலம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நைலான் வலையை வாங்கிக்கொண்டு பக்கிரியின் குளத்துக்குப் போனார்கள். குந்தவைதான் முன்னால் போனாள்.

"மன்னிச்சிருங்க மாமா. நேத்து மரியாதையில்லாம பேசிட்டேன். நீங்க கோபத்துல குடுத்த மனுதான் அதுங்களைக் காப்பாத்தியிருக்கு. அதான், வலை வாங்கிட்டு வந்திருக்கோம். நாங்களே கட்டிடறோம். இனிமே உங்க மீனுக்கும் சேதாரம் வராது."

பக்கிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவன்டா வாங்கச் சொன்னது? எடுத்துட்டுப் போங்க முதல்ல!"

"ஏன் மாமா?"

"வலையைக் கட்டிட்டா அதுங்க எப்படி உள்ள வரும்? வரலேன்னா நான் எதைச் சொல்லி மனு குடுக்கிறது? மனு இல்லேன்னா, அதுங்க இங்க இருக்குன்னு எந்த ஆபீஸு ஒத்துக்கும் புள்ள?"

லியோ கையிலிருந்த வலை நழுவிக் கீழே விழுந்தது. குந்தவைக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

பக்கிரி பையிலிருந்து நேற்றைய வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"குட்டி நாலுன்னு எழுது."

"மூணுதானே மாமா? நாங்க தினம் எண்ணுறோமே!"

"நாலு. ஒண்ணு நோஞ்சான், வளையை விட்டு வெளிய வராது. அதையும் சேர்த்து எழுது புள்ள, நாளைக்கு அதை இல்லேன்னுடப் போறாங்க."