பெயர் மட்டும் மிஞ்சிய பாட்டுகள்

பேனாட் உள்ளே வந்ததும் பத்திநாதர் கதவை அறைந்து சாத்தினார். வாசலில் நிறுத்தியிருந்த பனிச் சப்பாத்துகள் சரிந்து விழுந்தன.

“அண்ணைக்கு இன்னும் கோபம் ஆறேல்லைப் போல,” என்று பேனாட், பத்திநாதரின் மனைவி அக்னெஸைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

கோபம் இருக்காதா? டவுன்டவுன் அலுவலகமொன்று கழித்துவிட்ட அந்தக் கனத்த வேர்க்ஸ்டேஷன் கணினியை 2004 கோடையில் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். வட்டில் கோப்புகளை எழுதும் முறைகள் இரண்டில் வேகமானதைத் தெரிவு செய்தவனும் அவன்தான். கொடுத்த கையோடு ரொறொன்ரோவுக்கு வேலைக்குப் போனவன், நேற்றுத்தான் மொன்றியலுக்குத் திரும்பியிருந்தான். கணினி கெட்டுவிட்டது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

மாதா கோவிலில், ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் பாடும் பாட்டுகளையெல்லாம், கோடை முடிவதற்குள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பத்திநாதர் தனியே இருந்து பாடிப் பதிந்தார்.

டிசம்பரில் இரைச்சலை நீக்கி, எல்லாவற்றையும் பழைய பதிவுகளின் மேலேயே திரும்பச் சேமித்தார். சேமித்தாயிற்று என்றது கணினி.

அடுத்த நொடி, உறைமழையில் மின்சாரம் போனது.

விளக்கு வந்தபோது பாட்டுகளின் பெயர்கள் அப்படியே இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பூச்சியங்கள்.

வேகத்துக்காக, எழுதாததை எழுதியதாகச் சொன்ன அந்தப் பொய்யைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பேனாட் புதிய வட்டைக் கணினிக்குள் பூட்டினான். எந்த முறை வேண்டும் என்று திரை கேட்டது. அவனுடைய கை பழக்கதோஷத்தில் அதே வேகமானதில் போய் நின்றது.

பத்திநாதர் பாய்ந்து வந்தார். அவன் கையைத் தட்டிவிட்டு மௌஸைப் பறித்தார். முதலில் ஓரிடத்தில் குறித்துவைத்து, பிறகே உரிய இடத்தில் எழுதும் அந்த மெதுவான முறையை அழுத்தினார். மேசை அதிர்ந்தது.

“சரி அண்ணை, பிழை என்ரதுதான். உங்கட பாட்டுத்தானே, இன்னொருக்காப் பாடிப் பதிஞ்சா முடிஞ்சுது. குரல் என்ன ஓடியா போகப்போகுது?”

அக்னெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்திநாதர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். பிறகு சட்டைக் கழுத்தை இழுத்து விரித்தார்.

கத்த நினைத்த மூச்சு முழுவதும், ஒக்டோபரில் மருத்துவர்கள் குரல்வளையை எடுத்த இடத்திலிருந்த துளை வழியே, சீறிக்கொண்டு வெளியே வந்தது.