பெட்டியின் விதி

கழக்கூட்டம் என்ற ஊரில் ஆறாம் மாடி அலுவலகம். பிரவின்ராஜின் கணினித் திரையில் ஒரு பெட்டி. அதற்குள் ஆன்டிபாடி என்னும் நோய் எதிர்ப்புப் புரத மருந்தின் மூலக்கூறுகள் மிதந்துகொண்டிருந்தன. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மருந்து பாகுபோலக் கெட்டியாகி, ஊசியில் இறங்காது. ஒட்டாத மருந்தை மாலைக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

பெட்டியின் விதி எளிது. வலது சுவர் வழியாக வெளியேறும் மூலக்கூறு அதே நொடியில் இடது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும்.

"ரெஷ்மா, ஒண்ணு வலது பக்கம் போச்சு. திரும்பி வரல்ல."

பக்கத்து இருக்கையிலிருந்து ரெஷ்மா எழுந்தாள். "அப்படி வராம இருக்காதே அண்ணா. நான் சர்வர் ரூம்ல போய் நோக்கிட்டு வாறேன்."

வலது பக்கக் கதவைத் திறந்து, அதே மாடியிலிருந்த சர்வர் ரூமுக்குப் போனாள். அவர்கள் வேலைசெய்யும் அறைக்கு அதைவிட்டால் வேறு கதவு கிடையாது. இடது பக்கம் முழுக்கத் திறக்கமுடியாத கண்ணாடிச் சுவர். வெளியே நல்ல மழை.

பிரவின்ராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காணாமல்போன மூலக்கூறு இடது சுவரில் மெல்லத் தலைகாட்டியது.

"சர்வருக்கு ஒண்ணும் இல்ல, கேட்டீங்களா," என்றாள் ரெஷ்மா, அவனுடைய இடது தோளுக்குப் பின்னாலிருந்து.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. அவன் திரும்பவில்லை. அவள் திரையைப் பார்க்கக் குனிந்தபோது, தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் கீபோர்டில் சொட்டியது.