மார்ச் ஒன்று வரை

“கம்பெனி கையெழுத்து ஒண்ணு வேணும், மார்லிஸ். இன்னிக்கே.”

பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை வாசலிலேயே தட்டிவிட்டு டுவேன் உள்ளே வந்தார். அறுபத்தெட்டு வயது. ஜன்னல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாகக் கண்ணாடி தூக்குகிறவர். வலது முழங்காலை மடக்காமல் உட்கார்ந்தார்.

அலுவலக மேஜைக்குப் பின்னால் இருந்த மார்லிஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியது. இத்தனை நாளும் வேலை தந்த காப்பீட்டில்தான் இருந்தார் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் தாமதமாகச் சேர்ந்ததற்கு அபராதம், ஆயுசுக்கும்.

“அப்பாடா! நிஜமாவே ஓய்வா? அறுபத்தஞ்சுலயே அரசாங்க அட்டைய வாங்கிட்டு வீட்டுல உட்காருங்கன்னு தொண்டை கிழியச் சொன்னேனே.”

“நான் உட்கார்ந்தா ஜோலீனோட காப்பீடு போயிடுமே. அவ என்னைவிட மூணு வயசு சின்னவ. அவளுக்கு அரசாங்க அட்டை மார்ச் ஒண்ணு, இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது.”

மார்லிஸுக்குத் தெரிந்த கதைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி ஜோலீனுக்கு மார்பில் கட்டி. அறுவை, மருந்து, மறுபடியும் மருந்து. எல்லாம் டுவேனின் காப்பீட்டில். முழங்காலுக்கு வைத்தியம் பாருங்கள் என்றால், “மூணு மாசம் படுத்தா வேலை போயிடும், அவ கதி?” என்பார்.

மேற்பார்வையாளன் கர்ட் கதவு வழியே தலையை நீட்டினான்.

“என்ன பெருசு, போறியாமே! பொண்டாட்டிக்குப் பயந்துதானே தினம் விடியறதுக்கு முன்னாடி இங்க ஓடி வந்தே? இனிமே நாள் முழுக்க மாட்டினே!”

“உன் மூஞ்சியப் பார்க்கிறதுக்கு எதுவும் தேவலாம்டா.”

கர்ட் சிரித்துக்கொண்டே போனான். மார்லிஸ் தேதிகளை நிரப்பினாள்.

“இப்ப எப்படி இருக்கா?”

“போன வாரம் ஸ்கேன். சுத்தமா இருக்காம்.”

“நீங்க லீவு போடலையே. யாரு கூட்டிட்டுப் போனா?”

“ஆள் இருக்கு.”

“கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு தடவையாவது கண்ணுல காட்டினீங்களா? உங்க டப்பாவுல எப்பப் பார்த்தாலும் டின் மீனும் பிஸ்கட்டும். தேறிட்டால்ல, இனிமே சூடா ஏதாவது பண்ணித் தரச் சொல்லுங்க.”

“நல்லா சமைப்பா,” என்றார் டுவேன். விரலில் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

மார்லிஸ் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“உன் முத்திரையையும் எடு. இன்னொண்ணு இருக்கு.”

மார்லிஸ் கையெழுத்துகளுக்கு அத்தாட்சி முத்திரை குத்தும் நோட்டரியும்கூட. கார் விற்றாலும் படகு விற்றாலும் தொழிற்சாலையே அவளிடம்தான் வரும்.

“படகையா விக்கிறீங்க? ஓய்வு நேரத்துல ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போக வேண்டாமா?”

அவர் சாப்பாட்டு டப்பாவின் அடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். மடிப்புகள் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. அவளிடமே பேனாவை வாங்கி, காலியாக இருந்த கோட்டில் நிதானமாகக் கையெழுத்திட்டார்.

மார்லிஸ் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். விவாகரத்து மனு. ஜோலீனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

“இது வந்த மறுவாரம்தான் அவளுக்குக் கட்டின்னு சொன்னாங்க. அன்னிக்கே நான் கையெழுத்துப் போட்டிருந்தா காப்பீட்டுலேருந்து அவ பேரை எடுத்திருப்பாங்க.”

எடுத்த முத்திரையை மார்லிஸ் மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

“குத்து, மார்லிஸ். லைல் பாவம், மூணு வருஷமா அவளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கூட்டிட்டு அலையறான். ரெண்டு பேரும் ஜூன்ல கல்யாணம் வச்சிருக்காங்க.”