கமிசாவாவில் திருடன்

ஜப்பானிய மலைக்கிராமம் கமிசாவாவில் நாற்பத்து மூன்று வீடுகள், ஒரு பத்திரிகை. மாதத்துக்கு ஒரு தாள், இரண்டு பக்கம். எழுதுவது, படம் போடுவது, வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது எல்லாமே ஹட்சுயே கரசவாதான். வயது அறுபத்தேழு. தனியாக வாழும் பெண்.

யாருக்குக் கண் அறுவை நடந்தது, யார் சோளத்தைக் கரடி தின்றது என்பதுதான் செய்தி. இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தாளில் ஒரு பொய் வந்ததில்லை. கிராம அலுவலகம் அதை இலவசமாக அச்சடித்துத் தருவதற்கு அது ஒன்றுதான் நிபந்தனை.

ஜூலை இதழின் முதல் பக்கத்தில் இப்படி வந்தது:

'நம் ஊரில் திருடன் நடமாட்டம். பகலிலும் கதவைப் பூட்டுங்கள். வீட்டில் ஆள் இருந்தாலும் பூட்டுங்கள்.'

கமிசாவாவில் யாரும் கதவைப் பூட்டியதில்லை. கதவை நகர்த்தி, இருக்கிறீர்களா என்று குரல் கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால், கொண்டுவந்ததைச் செருப்பு கழற்றும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஹட்சுயேயின் பத்திரிகையும் அப்படித்தான் வீடு சேர்ந்தது.

இப்போது ஊரே சாவி தேடியது. ஒரு வீட்டில் அது பூஜை மாடத்தில், செத்துப்போன மாமனார் படத்துக்குப் பின்னால் கிடைத்தது. முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கவே இல்லை. அவர்கள் அடிவாரத்து ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். ஒரே வாரத்தில் முப்பத்தோரு பூட்டு விற்றது.

கடைக்காரர் ஹட்சுயேயின் தம்பி. பத்திரிகையின் பின்பக்கத்தில் மாதம் தவறாமல் அவர் விளம்பரம் வரும்.

கடைசியில் ஊரில் பூட்டாத கதவு ஒன்றே ஒன்று. காவல் சாவடியின் கதவு. யாரும் எந்நேரமும் வரலாம் என்பதால் அதைப் பூட்டக் கூடாது என்று விதி. அங்கே குடியிருக்கும் ஒரே போலீஸ்காரர் மொமோசே.

அவர் ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தார். எங்கும் எதுவும் களவு போகவில்லை. மண்வெட்டியைக் காணோம் என்ற ஒருவருக்கு, அதை இரவல் கொடுத்தது பாதி விசாரணையில் நினைவுக்கு வந்தது. மண்வெட்டிக்காரர் விசாரணையை அப்படியே விட்டுவிட்டு, வாங்கியவரோடு சண்டைக்குப் போனார்.

ஜூலை கடைசி வாரம், ஒரு மதியம், மொமோசே ஹட்சுயே வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"போலீஸ்."

"திருடனும் அப்படித்தான் சொல்லுவான்."

"அம்மா, நான் மொமோசே. கதவத் திறங்க."

இரண்டு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மொமோசே உள்ளே வந்தார். இரு கைகளிலும் பெரிய துணிப்பைகள். வாய் இறுகக் கட்டியிருந்தது. இரண்டிலும் 'சான்றுப் பொருள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவற்றைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஹட்சுயே சீட்டைப் படித்தார். முகம் வெளுத்தது.

"திருடனைப் பார்த்தது யாரு?"

"பேரு சொல்ல முடியாது தம்பி. பத்திரிகை தர்மம்."

"உங்க தம்பி கடையில முப்பத்தோரு பூட்டு."

"அவன் விளம்பரத்துக்குத் தர்றது வருஷத்துக்கு ஒரு பெயிண்ட் டப்பா. அதுவும் காஞ்சுபோனது."

மொமோசே சிரிக்கவில்லை. இன்று மாலைக்குள் அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டும் என்றார். செய்தி பொய் என்று எழுதினால் அடுத்த மாதத்திலிருந்து அச்சு இல்லை. பத்திரிகையும் இல்லை.

 ஹட்சுயே எழுந்து, சமையலறைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் ஊறுகாய்ப் பீப்பாய். உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், தவிட்டில் ஊறிய வெள்ளரிக்காய், மிசோ என்ற சோயா விழுதில் ஊறிய வெள்ளரிக்காய். அடுத்து குளியலறை. மொமோசே தொட்டியின் மூடியைத் தூக்கினார். உடனே மூடினார்.

"ஆமா, அதுலயும்தான்," என்றார் ஹட்சுயே. "நான் குளிக்கிறது வாளியில."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கோடை வந்தால் நாற்பத்திரண்டு வீட்டுத் தோட்டமும் ஒரே சமயத்தில் காய்க்கிறது. தனியாக இருக்கிற பெண், பாவம் என்று எல்லோரும் கொண்டுவந்து வைக்கிறார்கள். வைத்தது யாரென்று தெரியாததால் திருப்பித் தர வழியில்லை. குப்பையில் போட்டால் ஊர் பார்க்கும். வேண்டாம் என்று பத்திரிகையில் எழுதினால் நாற்பத்திரண்டு வீட்டு மனமும் புண்படும்.

"நான் மட்டும் கதவைப் பூட்டினா அது அவமரியாதை தம்பி. ஊரே பூட்டினா யாரு தப்பா நினைப்பாங்க?"

மொமோசே யோசித்தார்.

"பூட்டினதுக்கு அப்புறம் வரலையா?"

"ஒரு பிஞ்சுகூட வரல. எங்க கொண்டுபோய் வைக்கிறாங்களோ."

 மொமோசே தொப்பியை மாட்டிக்கொண்டார். திருடன் ஊரை விட்டு ஓடிவிட்டதாகவும், பத்திரிகையின் எச்சரிக்கையே காரணம் என்றும் அறிக்கை எழுதப்போவதாகச் சொன்னார். ஹட்சுயே இடுப்பு வளைய மூன்று முறை வணங்கினார். மூன்றாவது முறை நிமிர்ந்தபோது மொமோசேயின் சைக்கிள் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிட வேகமாக.

ஹட்சுயே இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார். நிம்மதியாகத் திரும்பினார்.

சான்றுப் பொருள்கள் இரண்டும் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஒரு பையின் வாய் அவிழ்ந்து, வெள்ளரிக்காய்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்துகொண்டிருந்தன.