இன்ஜின் கேட்ட மன்னிப்பு

ஒரு வேனில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பதினெட்டு வருஷமாக ஒட்டிக்கொண்டே வாழ்ந்தன. மேடு ஏறும்போதெல்லாம் கியர்பாக்ஸ் முனகும். "உன் முனகலைக் கேட்டுக் கேட்டே என் காது போச்சு. நீ தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று இன்ஜின் எரிந்து விழும்.

ஒருநாள் மெக்கானிக் காஜா வேனுக்கு அடியில் படுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை ஜாக்கியின் மேல் மெல்ல இறக்கினார்.

"எங்கே கொண்டுபோறாங்க?" என்று இன்ஜின் ஜாக்கியிடம் கேட்டது.

"பிரிச்சு வேலை பார்க்க. உள்ளே பல்லெல்லாம் தேஞ்சுபோச்சாம். நீ இழுத்த இழுப்பையெல்லாம் அதுதானே தாங்குச்சு?"

 கியர்பாக்ஸ் திரும்பி வந்ததும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இன்ஜின் நினைத்துக்கொண்டது.

பத்தாம் நாள் காஜா கியர்பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டினார்.

"நான் பேசினதெல்லாம் தப்பு. மனசுல வச்சுக்காதே" என்றது இன்ஜின்.

"என்ன பேசினீங்க? நான் இப்பத்தானே உங்களைப் பார்க்கிறேன்" என்றது கியர்பாக்ஸ். கூடு மட்டும்தான் பழசு. உள்ளே இருந்த பல்சக்கரங்கள் எல்லாம் புதுசு.

பழைய பல்சக்கரங்கள் வாசலில், பழைய இரும்பு வாங்குபவரின் சாக்குக்குள் கிடந்தன. "பரவாயில்லப்பா" என்று அவை சொன்ன நேரத்தில் காஜா சாவியைத் திருகினார். இன்ஜின் போட்ட சத்தத்தில் அதற்கு எதுவும் கேட்கவில்லை.