பெயர் எழுதும் நோட்டு

எர்சீலியா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அந்த இளைஞன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான்.

புளோரன்ஸில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அந்தச் சிற்றாலயம் தெரியாது. செருப்புக்கடைக்கும் சவரக்கடைக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய கதவு. உள்ளே பத்துப் பேர் மண்டியிட்டால் பதினோராவது ஆள் தெருவில்தான். சுவர் ஓவியத்தில் தேவதூதர் ஐந்நூறு வருடமாக மரியாளிடம் சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சே? தபால்காரனே இங்க தடுமாறுவான்."

"கூட வேலை செஞ்சவன் சொல்லியிருக்கான்மா. பெல்ஜியத்துல, நிலக்கரிச் சுரங்கத்துல."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டாள்.

"அட, என் பையன் நெல்லோவும் அங்கதான் இருக்கான்! நாலு வருஷம் முன்னாடி வலது கை நசுங்கிப்போச்சு. அவன் சொல்லச் சொல்ல யாரோ ஒரு கூட்டாளிதான் லெட்டர் எழுதித் தர்றான். மாசம் தவறாது. பொண்ணு பாக்கட்டுமாடான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதிலைக் காணோம்."

இளைஞன் பீடத்தருகே போய் நெடுநேரம் மண்டியிட்டிருந்தான்.

நவம்பர், மரித்தோரை நினைக்கும் மாதம். இறந்தவர்களின் பெயரை எழுத அங்கே ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். ஞாயிறு பூசையில் பாதிரியார் வாசிப்பார். எழுந்தவன் அதில் ஒரு வரி எழுதினான். அவள் முகத்தைப் பாராமல் கதவை நோக்கி நடந்தான்.

யாரைப் பறிகொடுத்தானோ பாவம் என்று எர்சீலியா எட்டிப் பார்த்தாள்.

மை காயவில்லை.

முதலில் அவள் கண்ணில் பட்டது பெயரல்ல, கையெழுத்து. வலப்பக்கம் சரிந்து, வால் நீண்ட எழுத்துகள். நாலு வருடமாகத் தலையணைக்கடியில் அவள் சேர்த்துவைத்திருக்கும் அத்தனை கடிதங்களிலும் இருக்கும் அதே எழுத்துகள்.

பிறகுதான் பெயரைப் படித்தாள்.

வெளியே ஸ்கூட்டர்கள் இரைந்தன. அவன் இன்னும் போகவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றிருந்தான். ஏதோ சொல்லத் திரும்பினான்.

"அம்மா, நான் வந்து…"

எர்சீலியா அவசரமாக நோட்டை மூடினாள்.

"சொல்லாதே தம்பி." அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கிறிஸ்துமஸுக்கு அவன் லெட்டர் வந்துடும்ல?"