போரைச் சுமந்த சொல்

பழைய லத்தீன் அகராதி ஒன்றில் ‘சுமப்பவன்’ என்றொரு சொல் குடியிருந்தான். கம்பளி என்ற சொல்லை முதுகில் ஏற்றிக்கொள்வான். இருவரும் ‘கம்பளியைச் சுமக்கும்’ என்று ஒரே சொல்லாகி ஆட்டுக்கு அடைமொழியாக நிற்பார்கள்.

ஒருநாள் ‘போர்’ வந்து, “கொஞ்ச தூரந்தான் அண்ணே, ஏற்றிக்கொள்ளுங்கள்” என்றது. குனிந்தான். இருவரும் ஒட்டி, ‘போரைச் சுமக்கும்’ என்று அரசர்களின் பெயரோடு நிற்கத் தொடங்கினார்கள். அரசனா, அரசியா, ஒருவரா, பலரா என்று பார்த்து விகுதி என்ற தன் வாலை மாற்றிக்கொள்ளும் வேலையும் சுமப்பவனுக்குத்தான்.

நாற்பத்தோர் அரசர்கள், மூன்று அரசிகள். அதற்குள் அவனுக்கு முழங்கால்வரை ரத்தம்.

“எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியுமா உனக்கு?” என்று பல்லைக் கடித்தான்.

“எனக்கெப்படித் தெரியும்? நடந்தது நீங்கள்தானே” என்று போர் தன் காலை நீட்டிக் காட்டியது. அதில் பொட்டு மண் இல்லை.

சுமப்பவன் உதறிய உதறலில் போர் தொப்பென்று விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே பக்கத்து வரியில் நின்ற ‘ஏந்துபவன்’ என்ற சொல்லைக் கூப்பிட்டது.

“கொஞ்ச தூரந்தான் அண்ணே.”

“குனியாதே” என்று கத்தினான் சுமப்பவன்.

“ஏன், நீ மட்டும்தான் ராஜா பக்கத்தில் நிற்க வேண்டுமா?” என்று கேட்டுக்கொண்டே ஏந்துபவன் குனிந்தான்.